மழைக்கு முன்னால் ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள்

பழைய அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் பொறியாளர் இல்லை. சென்னையில் நூறு வயதைத் தாண்டிய ஓர் அரசுக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் கோப்பு கட்டி, கோப்பு பிரித்து, உதவியாளராக ஓய்வு பெற்றவள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர்கள் பலர் இன்றும் எனக்கு வேண்டியவர்கள். என் அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய சுண்ணாம்புக் கூரைத் தளத்தை அடிக்கும் கூட்டத்தில் பதினாறு வயதில் சேர்ந்து, ஊரில் அந்த வேலை அற்றுப் போகும்வரை அடித்தவர். அப்படிப்பட்ட தளத்தின் மேல் அம்மாவுக்குப் பிழைப்பு, அதன் கீழே எனக்குப் பிழைப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சென்னையில் ஒரு வருடத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில்தான் கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

நான் கேட்பது இதுதான். உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பழங்கட்டடத்தின் மொட்டை மாடிக்கும் வருடா வருடம் புரட்டாசிக்குள் ஒருவர் ஏறட்டும். மழைநீர் வடியும் தூம்பு அடைத்திருந்தால் எடுக்கட்டும். செடி முளைத்திருந்தால் வேரோடு களையட்டும். தளத்தின் மேல் பதித்த தட்டையான ஓடு, அதாவது தட்டோடு, பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்து போட்டுச் சரி செய்யட்டும். இதற்கென்று ஒரு சிறு தொகையை, வேறு எந்த வேலைக்கும் திருப்ப முடியாதபடி ஒதுக்கி வையுங்கள். கோடிகளில் செய்யும் சீரமைப்பு அப்புறம் வரட்டும். முதலில் இந்தச் சின்ன வேலை நடக்கட்டும்.

மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போடுவார்கள் என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காக, அம்மா சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். சுவருக்குச் சுவர் தேக்குத் தூலம். தூலத்துக்குக் குறுக்கே சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டம். அதன் மேல், ஓர் அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அறையின் ஒரு மூலையில் தொடங்கிக் கோணல்வாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே வருவார்கள். அடியில் பலகை முட்டு கிடையாது. முந்தின வரிசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசை நிற்கும். என் மேசைக்கு மேலே அந்தக் கோணல் வரிசைகளைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ மதியங்களைக் கழித்திருக்கிறேன். பாய் முடைந்ததுபோல இருக்கும்.

அது இறுகியதும் மேலே மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. அம்மாவின் கூட்டம் வருவது இந்த இடத்தில்தான். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு, பாட்டுக்குத் தாளமாக அடித்துக்கொண்டே நகர்வார்கள். ஒருத்தி வெல்லமும் கடுக்காயும் ஊறின தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வருவாள். காலையில் தொடங்கி மாலையில் முடிகிற வேலை இல்லை. நாள் கணக்கில் அடிப்பார்கள். தளத்தில் கட்டையின் தடம் விழக்கூடாது, கட்டை துள்ளி எழும்ப வேண்டும். அதுவரைக்கும் மேஸ்திரி விடமாட்டார். பிறகு தட்டோடு, கீழ் ஓட்டின் இணைப்பு மேல் ஓட்டின் நடுவில் வரும்படி அடுக்கடுக்காக. கடைசியில் தண்ணீர் நிற்காமல் தூம்பைப் பார்த்து ஓட ஒரு வாட்டம். அம்மாவுக்கு இரண்டு உள்ளங்கையிலும் காய்ப்பு இருந்தது. வேலையை விட்டு இருபது வருடம் கழித்தும் அது போகவில்லை.

இனி என் அலுவலகக் கதை. 1990களின் நடுவில் ஒரு மழைக்காலம். எங்கள் பிரிவுக்கு மேலே ஒழுக ஆரம்பித்தது. பீரோக்களின் மேல் தார்ப்பாய் விரித்தோம். ஆறு வாளி வைத்தோம். சுதந்திரத்துக்கு முந்திய பதிவேடுகள் சில நனைந்து, மை நீலமாகக் கரைந்து ஓடியது. மாடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய காவலாளி மாற்றலாகிப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடமாக அந்தக் கதவை யாரும் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பூட்டை உடைத்து ஏறினார்கள். உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த பீரோ ஒன்று, கணுக்கால் வரை புறா எச்சம். தூம்பு வாயில் ஒரு சாக்குத் துணியும் அரச இலைகளும் கெட்டித்துக் கிடந்தன. கைப்பிடிச் சுவரில் என் உயரத்துக்கு ஓர் அரசமரம். மாடி முழுக்கக் குளம். அன்றைக்குத் தூம்பை மட்டும் குத்திவிட்டிருந்தால் போதும், குளம் வடிந்திருக்கும். பெயர்ந்த இரண்டு இடத்தில் தட்டோடு மாற்றினால் மீதியும் சரியாகியிருக்கும். ஆனால் மேலிடத்திலிருந்து, ஒழுகல் ஒரு வாரத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. வந்தவர்கள் பழைய தட்டோட்டின் மேலேயே மூன்று அங்குலத்துக்குச் சிமெண்ட் கலவையைக் கொட்டி, அதற்கு மேல் தாரைப் பூசிவிட்டுப் போனார்கள். அரசமரத்தை அடியோடு வெட்டினார்கள். வேரை விட்டுவிட்டார்கள். அந்த வருடம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

மூன்றாவது வருடம், சாப்பாட்டுக் கூடையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனேன் என்று அம்மா எடுத்து வந்தார். என் மேசையருகே நின்று கூடையைக் கொடுக்காமல் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டம் சுவருக்குள் போகிற இடத்தில் கரும்பழுப்பாக ஓர் ஈரத்தடம். ஒழுகவில்லை, ஓதம் மட்டும். "மேல போலாமா?" என்று கேட்டார். கூட்டிப் போனேன். குந்தி உட்கார்ந்து ஒரு கருங்கல் துண்டை எடுத்துத் தளத்தை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் கணீர் என்றது. நாலடி தள்ளிப் பொத்துப் பொத்து என்றது.

"மேல போட்டது தனியா நிக்குதுடி. நடுவுல தண்ணி இருக்குது. தளத்தோட வாய மூடிட்டானுங்க. உள்ள போன தண்ணி எப்டி வெளிய வரும்? கட்டைதான் குடிக்கும்."

கட்டை என்று அவர் சொன்னது தேக்குச் சட்டத்தை. அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம், அவர் தட்டிக் காட்டிய இடத்துக்கு நேர் கீழே சட்டத்தின் முனை மக்கி முறிந்தது. தாழ்வாரத்துக் கூரையில் ஒரு பகுதி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பிரிவைக் காலி செய்து, கதவில் அபாயம் என்று எழுதி ஒட்டினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த அறை திறக்கப்படவில்லை.

அம்மா சொன்னதன் காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றிக் கலந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பக் கல்லாகிறது. ஆனாலும் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். மழையில் கொஞ்சம் ஈரம் இழுக்கும், வெயில் வந்ததும் ஆவியாக விட்டுவிடும். பழைய சுவரும் தளமும் வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும்போது சுண்ணாம்பு கூடவே கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். சிமெண்டுக்கு அந்த இணக்கம் கிடையாது. மயிரிழை அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது.

எடையையும் பாருங்கள். சிமெண்ட் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. மூன்று அங்குலம் கொட்டினால் சதுர மீட்டருக்கு 180 கிலோ. ஆயிரம் சதுர அடிக் கூடத்தின் மேல் இது ஏறக்குறைய 17 டன். அத்தனை பாரத்தையும், முனை மக்கிக்கொண்டிருக்கும் சட்டங்களின் மேல் ஏற்றுகிறோம். அடுத்த ஒழுகலுக்கு இன்னொரு அடுக்கு. இப்படி இரண்டு மூன்று அடுக்கு ஏறின மாடிகள் இந்த ஊரில் உண்டு. கைப்பிடிச் சுவர் முன்பு இடுப்பளவு இருந்து இப்போது முழங்காலுக்கு வந்திருந்தால், உயர்ந்தது தளம் என்று புரிந்துகொள்ளலாம்.

வெளிச்சுவரிலும் இதேதான் நடக்கிறது. சுண்ணாம்புக் காரை பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் பார்க்க நறுவிசாக இருக்கும். உள்ளே ஏறின ஈரம் உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் தேக்கும். நாலைந்து வருடத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும், கூடவே செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். பூச்சில்லாத செங்கல் கட்டடங்களில் இணைப்புகளில் சிமெண்ட் அடைத்தால் இன்னும் மோசம். இணைப்பு நிற்கும், நடுவிலிருக்கும் செங்கல் மாவாக உதிர்ந்து குழி விழும். தேன்கூடு மாதிரி ஆகிவிட்ட சுவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். விழாவுக்காகச் சுவரை அமிலம் ஊற்றிக் கழுவுவதையும், மணலை வேகமாக வீசித் தேய்ப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சூளையில் வெந்த செங்கல்லுக்கு ஒரு கெட்டியான தோல் உண்டு. அதை உரித்துவிட்டால் மழையைத் தாங்காது. வருடாவருடம் வெள்ளையடித்த காலத்தில் அதுவே ஒரு பராமரிப்பாக இருந்தது. இப்போது பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துச் சுவரையும் வாய் மூட வைக்கிறோம்.

ஏசி பெட்டிக்காகக் குடையும் ஓட்டை, அதிலிருந்து இரவும் பகலும் சுவரில் வடியும் தண்ணீர், கேபிளுக்காகச் சிற்ப வேலைப்பாட்டில் அடிக்கும் ஆணி, இதெல்லாம் அந்தந்த அலுவலகம் உங்களைக் கேட்காமல் செய்வது என்று எனக்குத் தெரியும். நாங்களும் செய்தோம். கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

சேப்பாக்கம் அரண்மனையை நினைத்துக்கொள்கிறேன். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768இல் கட்டியது. 2012 பொங்கலை ஒட்டி ஓர் இரவில் அந்த அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகாலில் தீப்பிடித்துக் கூரை எரிந்து இறங்கியது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரைக் கொடுத்தார். அதன் இன்னொரு பகுதியான ஹுமாயூன் மகாலோ பராமரிப்பு இல்லாமலேயே இடிந்தது. கூரை பகுதி பகுதியாக விழுந்து, உள்ளே மரங்கள் வளர்ந்து, மேலே வானம் தெரிந்த காலத்தில் நான் அந்தப் பக்கம் பேருந்தில் போவேன். இனி அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.

நீங்கள் அப்படி விடவில்லை. கலச மகாலை எழுப்பினீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே போனது. பிறகு ஹுமாயூன் மகாலையும் சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய் என்று பழைய முறையிலேயே மீட்டீர்கள். பழங்கட்டடங்களுக்கென்று தனிக் கோட்டமே வைத்திருக்கிறீர்கள். மனசாரச் சொல்கிறேன், அந்த வேலையைச் செய்த ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் அதே மகாலின் மாடியில் முதல் செடி முளைத்த வருடம் ஒருவர் ஏறிப் பிடுங்கியிருந்தால் என்ன செலவாகியிருக்கும்? ஒரு ஆளின் அரை நாள் கூலி.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த விக்டோரியா நினைவு மண்டபம், பிறகு தேசியக் கலைக்கூடமாக இருந்தது, 2002இல் பாதுகாப்பு இல்லை என்று பூட்டப்பட்டது. அதன் முகப்பை வெளியே நின்று பார்த்தே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். புதுச்சேரி மேரி கட்டடம் உங்கள் பொறுப்பில் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபம், பழுது பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் மழையில் உட்கார்ந்துவிட்டது. அதே முகத்தோடு புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். கடற்கரையில் நிற்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. பழைய சுவர் போனது போனதுதான்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அரசு அலுவலகத்தில் இருந்தவள்தானே. மதிப்பீடு போட்டு அனுப்பினால் கோப்பு ஆறு மேசை ஏறி இறங்கும். நிதி ஜனவரியில் வரும், மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு முடிக்க வேண்டும். சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறப்போடவே வாரக்கணக்கில் ஆகும். பூசினால் ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். அந்த அவசரத்தில் சிமெண்ட் மூட்டைதான் கைக்கு வரும். இல்லையென்றால் நிதி தாமதமாகி வேலை ஐப்பசியில் தொடங்கும், திறந்து போட்ட தளத்தில் அடைமழை இறங்கும். அப்புறம் டெண்டர். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்றால், சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரை வைத்திருப்பவர் எப்படிக் குறைந்த விலை சொல்ல முடியும்? அவருக்கு ஆள் கூலி அதிகம், நாள் அதிகம்.

ஆகவே பழங்கட்டடக் கூரை வேலைக்கு மட்டும் நிதியைச் சித்திரையிலேயே விடுவிக்கும்படி நிதித்துறையிடம் நீங்கள்தான் பேச வேண்டும். வெயில் காலத்தில் தொடங்கினால் மழைக்குள் தளம் இறுகிவிடும். சுண்ணாம்பு வேலைக்கான விலைப்பட்டியலை இன்றைய கூலியை வைத்துத் திருத்துங்கள். முன்பு சுண்ணாம்பில் வேலை செய்து காட்டியவர்களை மட்டும் ஒப்பந்தத்துக்கு அனுமதியுங்கள். மேலே அடுக்கிய சிமெண்டை ஒரே வருடத்தில் எல்லா மாடியிலும் பெயர்த்தெடுக்க முடியாது, தெரியும். வருடத்துக்கு ஒன்றாகவாவது எடுங்கள். எடுக்கும்போது இயந்திரம் வைத்துக் குடைந்து அதிர வைக்காமல், உளி வைத்துக் கையால் எடுக்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் கோணல் செங்கல் வரிசைக்கு முட்டு கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

அரசமரத்தை மேலோடு வெட்டிவிட்டுப் போகிற வேலை ஒரு வேலையே இல்லை. அடுத்த மழைக்கு இரட்டிப்பாகத் துளிர்க்கும். சுற்றியுள்ள கற்களைக் கழற்றி, வேரை முழுக்க எடுத்து, அந்தக் குழியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பிக் கட்ட வேண்டும். விரலளவு செடியாக இருக்கும்போது இதெல்லாம் தேவையே இல்லை, கையால் பிடுங்கினால் வந்துவிடும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொத்தனார்களுக்குப் பயிற்சி தரும்போது தளம் அடிக்கும் பெண்களை மறந்துவிடுகிறோம். சித்தாள் என்றால் கல் சுமப்பவள் என்ற கணக்கு. தளம் ஒழுகாமல் இருந்தது அவர்கள் அடித்த அடியால். எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் காதுக்கும் கைக்கும் தெரிந்தது. என் அம்மா போய்விட்டார். அவரோடு வேலை பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் வடசென்னையில் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களால் இனி கட்டை தூக்க முடியாது. நாற்காலி போட்டு உட்காரவைத்தால், சத்தத்தைக் கேட்டே "இன்னும் அடி", "போதும்" என்று சொல்வார்கள். அடுத்த தளம் போடும் இடத்தில் அப்படி ஒரு நாற்காலி போடுங்கள். அதற்கு ஒரு நாள் கூலியும் கொடுங்கள், மேஸ்திரிக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாய் குறையாமல்.

பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல், அவற்றுக்கான குழு, 2012இல் கொண்டுவந்த பாரம்பரிய ஆணையச் சட்டம் எல்லாம் வந்துவிட்டன. பழைய கட்டடத்தை இடிக்கக் கிளம்புபவரைத் தடுக்க அவை வேண்டும்தான். ஆனால் என் பிரிவின் கூரையை யாரும் இடிக்கவில்லை.

இந்த மடலைப் படித்து முடித்ததும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் கட்டடம் ஒவ்வொன்றிலும் மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பதில் வராத கட்டடத்துக்கு நாளைக் காலையிலேயே போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உதவியாளர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை